காதுள்ள பக்கம்

முகாமின் வாயிலில் தீயணைப்பு வண்டி நின்றபோது மதிய வெயில் சற்றே சாய்ந்திருந்தது. காவலில் இருந்த சிப்பாய் ஒரு துணிப்பையை நீட்டினார். வண்டியில் வந்தவர்கள் தங்கள் கைபேசிகளை அதில் போட்டார்கள். ஓட்டுநர் சுலைமான் மட்டும் தம்முடையதைச் சட்டையில் ஒருமுறை துடைத்துவிட்டுப் போட்டார்.

“பத்திரம் தம்பி. எங்க வீட்டம்மா கூப்பிட்டா, தீக்குள்ள கெடக்காருன்னு சொல்லு. டீக்கடையில கெடக்காருன்னு மட்டும் சொல்லிறாத.”

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் சிரித்தார். பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த கிருபாகரன் சிரிக்கவில்லை. நகரத் தீயணைப்பு நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளராக இருந்த அவர் சிரித்து ஓராண்டு ஆகிவிட்டது. அழுதும் ஓராண்டு ஆகிவிட்டது. சோறு வைத்தால் உண்பார். மணி அடித்தால் ஓடுவார். அவ்வளவே.

அவனியாபுரத்தைத் தாண்டி, சீமைக்கருவேலங் காடும் வற்றிய கண்மாய்களும் தொடங்கும் வெளியில் இருந்தது அந்த இராணுவச் சேமிப்பு முகாம். அதற்கென்று தனியாக ஒரு தீயணைப்புப் பிரிவு உண்டு. நகரத்துக்கும் முகாமுக்கும் நெடுநாளாக ஓர் ஏற்பாடு இருந்தது. முகாமில் பெருந்தீ என்றால் நகரத்து வண்டி வரும். நகரத்தில் கை மீறிப் போனால் முகாமின் வண்டி போகும். ஆண்டுக்கு ஒருமுறை இரு தரப்பும் சேர்ந்து ஒத்திகை பார்ப்பார்கள். இன்று அந்த ஒத்திகை.

முகாம் பிரிவின் மூத்தவர் பாண்டிராஜ், வேப்பமரத்தடியில் தேநீர்க் குவளைகளோடு காத்திருந்தார். திருமங்கலத்துக்காரர், பருத்த உடம்பு, உரத்த குரல்.

“வாங்க டவுன்காரவுகளே! வண்டியில தண்ணி இருக்கா, இல்ல வழக்கம்போல எங்க தொட்டியத்தான் நம்பி வந்தீகளா?”

“தண்ணி இருக்குண்ணே. அதை அடிக்கத்தான் ஒங்க ஓஸ் குழாயை நம்பி வந்திருக்கோம். இல்லைன்னா எங்க ஓஸ் ஓட்டை வழியா எங்க மேலேயே அடிக்கும்,” என்றார் சுலைமான்.

பாண்டிராஜ் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கிருபாகரனைப் பார்த்தார். சிரிப்பு அடங்கியது.

“அண்ணே, நீங்க வரமாட்டீகன்னு நெனச்சேன்.”

“டூட்டிதானே,” என்றார் கிருபாகரன்.

“இன்னைக்கு அந்த நாலாம் குடோன்லதான் வச்சிருக்காக. நான் வேணாம்னுதான் சொன்னேன். எரிஞ்சுபோன குடோன்தானே, ஒத்திகைக்கு அதுதான் தோதுன்னுட்டாக.”

“பரவாயில்ல.”

அவர் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கரிபிடித்த சுவரும், வளைந்து தொங்கும் தகரக் கூரையும், கதவில்லாத கறுத்த வாசலுமாகக் கட்டடம் எதிரே நின்றது. அவர் அதைப் பார்த்தபடி தேநீரைக் குடித்து முடித்தார்.

சென்ற ஆண்டு அந்த வாசலுக்குள் போனவர் ஜெய்சன். கிருபாகரனின் மனைவி ஷெரினின் தம்பி. அதே நிலையத்தில், கிருபாகரனிடமே பயிற்சி பெற்ற தீயணைப்பாளர்.

அன்று நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சிறிய விவரம் தெரிந்திருக்க வேண்டும். புகைக்குள் போகும் தீயணைப்பாளர்களுக்குக் கண் பயன்படாது. தரையில் கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் கையால் தடவிக்கொண்டே தவழ்ந்து வெளியே வருவார்கள். குழாய்த் துண்டுகள் சேரும் இடத்தில் பித்தளை இணைப்பு ஒன்று இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு சிறிய காதுகள் துருத்திக்கொண்டிருக்கும். மறுபக்கம் வழவழப்பாக இருக்கும். நகரத்துக் குழாயில் காதுள்ள பக்கம் எப்போதும் வண்டியை நோக்கியே அமையும். காதைத் தொட்டால் அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கேதான் வாசல், வெளிச்சம், காற்று. பயிற்சியில் கண்ணைக் கட்டிவிட்டு, கை தானாகவே அறியும்வரை இதைச் செய்ய வைப்பார்கள்.

முகாமின் குழாய்கள் வேறு வகையானவை. அவற்றில் காதுள்ள பக்கம் நெருப்பை நோக்கியிருக்கும்.

அன்று நகரத்துக் குழாய் நீளம் போதாமல், முன்னால் முகாமின் குழாயைச் சேர்த்தார்கள். தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்தது. யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. ஜெய்சனை வெளியே எடுத்தபோது அவர் உடலில் தீக்காயம் அதிகம் இல்லை. குழாயைப் பற்றியபடி, நெருப்பு இருந்த திசைக்குத் தலை வைத்துக் கிடந்தார். உள்ளே போய்க்கொண்டிருந்தவரைப் போல் அல்ல. ஒழுங்காக வெளியே வந்துகொண்டிருந்தவரைப் போல். அவருடைய உள்ளங்கை இணைப்பின் காதின் மேல் இருந்தது.

அதைப் பார்த்த கணத்திலேயே கிருபாகரனுக்குப் புரிந்துவிட்டது. அதிகாரிகளிடம் சொன்னார். அதன்பின் முகாமின் குழாயைப் பிடித்துக்கொண்டு நகரத்தார் உள்ளே போகக் கூடாது என்று விதி வந்தது. ஷெரினிடம் மட்டும் அவர் சொல்லவில்லை. “அவன் வெளிய வரத்தானேங்க பார்த்தான்? பயந்துபோய் அப்படியே கெடக்கலையே?” என்று ஷெரின் பல முறை கேட்டுவிட்டார். ஷெரின் அந்த ஓராண்டாகச் சரியாக உறங்கியதில்லை. ‘வரத்தான் பார்த்தான், நான் பழக்கிய கை அவனைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது’ என்று எப்படிச் சொல்வது?

ஒத்திகை தொடங்கியது. ஈர வைக்கோலையும் பழைய டயர்களையும் இரும்புப் பீப்பாய்களில் போட்டுக் கொளுத்தினார்கள். வாசலில் இருந்து புகை கறுப்பாகப் புரண்டு வந்தது. பாண்டிராஜும் அவருடைய துணையாள் கருத்தக்கண்ணனும் முகமூடியும் முதுகில் காற்று உருளையும் அணிந்து, தங்கள் குழாயையே இழுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நகரத்து வண்டி தண்ணீர் கொடுத்தது.

சிறிது நேரத்தில் புகையின் நிறம் மாறியது. மஞ்சள் ஏறிய, பிசுபிசுப்பான புகை. உள்ளே உத்தரத்தில் யாரோ போட்டு மறந்த பழைய தார்ப்பாய்கள் பற்றிக்கொண்டிருந்தன. தகரம் வெடிக்கும் சத்தம் கேட்டது. விசில் ஊதித் திரும்ப அழைத்தார்கள்.

கருத்தக்கண்ணன் மட்டும் வந்தார். முகமூடியைக் கழற்றி எறிந்தார்.

“அண்ணன் என் பின்னாடியேதான் வந்தாரு. காலைத் தொட்டுக்கிட்டேதான் வந்தாரு. பாதியில... திரும்பிட்டாரு.”

“திரும்பிட்டாரா? ஏன்?”

“தெரியல. ‘சரி, சரி’ன்னு யார்கிட்டயோ சொன்னாரு. அப்புறம் கை விட்டுப் போச்சு.”

முகாமின் மற்ற உருளைகளில் அப்போதுதான் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் ஏற்கெனவே தம்முடையதை மாட்டியிருந்தார். சுலைமான் பம்பை விட்டு வர முடியாத நிலையிலும் ஓடி வந்து அவருடைய பட்டையைப் பிடித்தார்.

“அண்ணே, அது அவுக ஓஸ். வேணாம். நம்ம ஓஸ்ஸை உருட்டிக்கிட்டுப் போவோம்.”

“அதுக்குள்ள ஆள் இருக்க மாட்டான்.”

“தனியா போகக் கூடாதுண்ணே.”

“எனக்குத் தெரியும் சுலைமான். காது பக்கம் நெருப்பு. வழவழன்னு இருக்கிற பக்கம் வாசல். நான் மறக்கமாட்டேன்.”

வாசலைத் தாண்டியதும் பகல் அணைந்தது.

இருட்டு என்றால் இரவின் இருட்டு அல்ல. முகமூடிக் கண்ணாடியில் சேறுபோல் வந்து அப்பிக்கொள்ளும் இருட்டு. மண்டியிட்டு, இடக்கையைக் குழாயின் மேல் வைத்துத் தவழ்ந்தார். தண்ணீர் ஏறிய குழாய், உயிருள்ள உடம்பைப் போல் கையின் கீழ் துடித்தது. எங்கோ மேலே தீ முணுமுணுத்தது. காதில் தம்முடைய மூச்சு மட்டும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அச்சம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

முதல் இணைப்பு வந்தது. தடவினார். காதுகள் அவருக்கு முன்னால் இருந்தன. சரி. உள்ளே போகிறோம்.

அப்போது விசில் கேட்டது.

காற்று உருளை தீரும் நிலைக்கு வந்தால் தானாக ஊதும் விசில். மெல்லிய, விடாத கீச்சொலி. ஆழத்திலிருந்து வந்தது. பாண்டிராஜுடையது என்று எண்ணி விரைந்தார்.

மூன்றாம் இணைப்பைத் தாண்டியதும் கை ஒரு காலணியில் மோதியது. பாண்டிராஜ் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். காயமில்லை, மயக்கமும் இல்லை. அவருடைய காற்றுமானியின் முள் கிருபாகரனின் கண்ணாடிக்கு வெகு அருகில் பச்சையாக ஒளிர்ந்தது. பாதிக்கு மேல் காற்று இருந்தது.

விசில் அவருடையது அல்ல.

“அண்ணே!” முகமூடிக்குள்ளிருந்து பாண்டிராஜின் குரல் டப்பாவுக்குள் பேசுவதுபோல் வந்தது. “ஒங்க ஆளு ஒருத்தரு என்னைய கூட்டிட்டுப் போறாரு. வழி இந்தப் பக்கம்னாரு. கையைப் பிடிச்சுக்கிட்டாரு.”

“எங்க ஆளு யாரும் உள்ள இல்ல பாண்டிராஜ்.”

“இந்தா, புடிச்சிருக்காருல்ல.”

அவருடைய வலக்கை புகைக்குள் நீண்டிருந்தது. எதையோ பற்றிய கையைப்போல் விரல்கள் மூடியிருந்தன.

கிருபாகரன் அந்தக் கையைப் பிடித்து இழுத்தார். ஒரு கணம், அது எதிர்ப்பக்கம் இழுபட்டது. பிறகு விடுபட்டு வந்தது.

விசில் நின்றது.

பாண்டிராஜின் தோள்பட்டையை வலக்கையால் பற்றி, இடக்கையைக் குழாயில் வைத்து, வந்த வழியே திரும்பினார். இழுத்தார், தவழ்ந்தார், இழுத்தார். இணைப்பு வந்தது. விரல்களால் அறிந்து, வழவழப்பான பக்கத்தின் மேல் கையை வைத்தார்.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது.

அது கனமாக இல்லை. சுடவும் இல்லை. பொறுமையாக அவருடைய கையை எடுத்து, காதுகளின் மேல் வைத்தது. குழந்தையின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவதைப்போல் மெல்ல அழுத்தியது. நான்கு விரல்கள் மடங்கி அழுத்தின. சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது.

அவனியாபுரம் ஜல்லிக்கட்டில் பாதுகாப்புப் பணிக்கு நின்றபோது, மாடு இடித்துத் தடுப்புக் கம்பியில் சிக்கி முறிந்த விரல். சரியாகக் கூடாமல் போன, ஜெய்சனின் விரல்.

“அத்தான்,” என்றது ஒரு குரல். “இந்தப் பக்கம்.”

முகமூடிக்குள்ளிருந்து வந்த குரல் அல்ல. தெளிவாக, காதோரத்தில் கேட்டது.

கிருபாகரனின் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை. இவ்வளவு நாளும் அவருக்குள் கிடந்த மரமரப்பு அங்கேயும் அவரோடு இருந்தது. யோசித்துப் பார்த்தால் எல்லாம் எளிதாகப் புரிந்தது. இவன் யாரையும் கொல்ல இங்கே இருக்கவில்லை. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் காப்பாற்றுகிறான். தனக்குத் தெரிந்த ஒரே வழியில்.

“மாப்ள,” என்று கிசுகிசுத்தார். “அது வழி இல்ல.”

கை அசையவில்லை.

“இது அவுக ஓஸ். இதுல காது பக்கம் நெருப்பு. ஒனக்கு யாரும் சொல்லல.”

கையை விடுவித்துக்கொண்டு வழவழப்பான பக்கமாகத் தவழ்ந்தார். மேலே தீ பெருமூச்சு விட்டது. எரியும் தார்ப்பாய்த் துணுக்குகள் முதுகில் விழுந்தன. பாண்டிராஜ் எதுவும் கேட்காமல் கூடவே தவழ்ந்தார். அந்தக் கையும் கூடவே வந்தது. கிருபாகரனின் கையின் மேலேயே, அவர் வைத்த இடத்திலெல்லாம் வைத்து.

அடுத்த இணைப்பு.

கை மறுபடியும் அவருடைய கையை எடுத்துக் காதுகளின் மேல் வைத்தது.

“இல்ல மாப்ள. அது வழி இல்ல. இந்தா, இதைத் தொட்டுப் பாரு. காது இல்லாத பக்கம். இதுதான் வாசல்.” அவர் அந்தக் கையைத் தம் கைக்குள் வாங்கி, பித்தளையின் வழவழப்பின் மேல் வைத்தார். அழுத்தினார். “வா. என்கூடயே வா.”

நீண்ட நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது, நேரம் குறைவாகவே இருந்திருக்கலாம்.

பிறகு, இன்னும் ஓர் இணைப்பு வந்தபோது, கிருபாகரன் தேடுவதற்கு முன்பே, அந்தக் கை தானாக அவருடைய கையைக் கொண்டுபோய் வழவழப்பான பக்கத்தில் வைத்தது.

சரியாக வைத்தது.

வெளிச்சம் வந்தது. பல கைகள் அவர்களைப் பிடித்து இழுத்தன. வாசலைக் கடக்கும்போது அவர் குனிந்து தம் இடக்கையைப் பார்த்தார். கரிபிடித்த கையுறை மட்டுமே இருந்தது. ஆனால் கை உடனே லேசாகிவிடவில்லை.

தீயை அணைத்தபின் பாண்டிராஜ் வேப்பமரத்தடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எனக்கு எங்க ஓஸ் தெரியாதா? சரியாத்தான் வந்துக்கிட்டிருந்தேன். ஆனா அந்த ஆளு எம்புட்டுப் பாசமா கையைப் பிடிச்சாரு தெரியுமா? எங்கய்யா செத்த பெறகு அப்படி யாரும் என் கையைப் பிடிச்சதில்ல. தட்டிவிட மனசு வரல.”

கிருபாகரனின் முகம் நனைந்திருந்தது. வேர்வை என்று சுலைமான் நினைத்துத் தம் துண்டை நீட்டினார்.

அன்று மாலை நாகமலை புதுக்கோட்டையில் தம் வீட்டு அடுக்களை வாசலில் நின்று, கிருபாகரன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். ஷெரின் மிஷன் பள்ளியில் ஆசிரியை; இத்தகைய பேச்சுகளை வீட்டுக்குள் அனுமதிப்பவர் அல்லர். அடுப்பை அணைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார்.

“அப்ப அவன் பயந்து கெடக்கல.”

“இல்ல. வெளிய வந்துக்கிட்டுத்தான் இருந்தான். இம்புட்டு நாளும் வந்துக்கிட்டே இருந்திருக்கான்.”

“இப்ப?”

“வந்துட்டான்னுதான் நெனக்கிறேன்.”

ஷெரின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு படுக்கப் போனவர், விடியும்வரை ஒருமுறைகூடப் புரளாமல் உறங்கினார். அடுத்த வாரங்களில் அவருடைய முகத்தில் ரத்தம் ஊறியது. கிருபாகரனுக்கும் மெல்ல உப்பும் புளியும் நாவில் தெரியத் தொடங்கின.

மழைக்காலம் தொடங்கும் முன், ஒரு முற்பகலில், சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் மொத்த வியாபாரக் கிடங்கு ஒன்று பற்றிக்கொண்டது. குறுகலான சந்து, பின்பக்கம் வாசல் இல்லை. சுமைதூக்கும் காளை என்பவர் உள்ளே இருப்பதாகக் கடைக்காரர் அலறினார். முகாமுக்கும் தகவல் போயிற்று. பாண்டிராஜின் வண்டி கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

கிருபாகரன் இன்னொரு தீயணைப்பாளரோடு உள்ளே போனார். நகரத்துக் குழாய், அவர் கை பல்லாண்டு அறிந்த குழாய். காளையைக் கண்டுபிடித்தார்கள். அவரைத் துணையாளின் முதுகில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, அவர்கள் வாசலை எட்டும்வரை தீயைத் தடுத்துத் தண்ணீர் அடித்தபடி கிருபாகரன் பின்தங்கினார். உருகிய பிளாஸ்டிக் கூரையிலிருந்து சொட்டியது. புகை கண்ணாடியில் அப்பியது.

அவருடைய முதுகில் விசில் ஊதத் தொடங்கியது.

இது தம்முடைய விசில்தான். நேரம் உண்டு, ஆனால் வீணாக்க நேரமில்லை. குழாய் முனையைக் கீழே வைத்து, மண்டியிட்டு, தடவிக்கொண்டே திரும்பினார். நிதானமாகவே இருந்தார். வெளியே சுலைமான் இருக்கிறார். வீட்டில் ஷெரின் இருக்கிறார். இந்த முறை வெளியே போக வேண்டும் என்ற ஆசை அவருக்குள் உண்மையாகவே இருந்தது.

இணைப்பு வந்தது. காதுகளைத் தொட்டார். நம்ம ஓஸ். காதுள்ள பக்கம் வாசல்.

அவர் கையின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது.

அவசரமில்லாத கை. அது அவருடைய விரல்களைக் காதுகளிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கியது. வழவழப்பான பக்கத்துக்குக் கொண்டுபோய் வைத்தது. மெல்ல அழுத்தியது.

“இல்ல,” என்றார் கிருபாகரன். “இது நம்ம...”

விசில் மெலிந்துகொண்டே வந்தது. அவர் கையை மறுபடியும் காதின் பக்கம் நகர்த்தினார். அது மறுபடியும் எடுத்து வைத்தது.

“அது வழி இல்ல அத்தான்,” என்றது குரல், மிகுந்த பொறுமையோடு. “இந்தா, இதைத் தொட்டுப் பாருங்க.”